தூக்கி நின்ற மூலை

அத்தியாயம் பதினொன்று

ஆழ்வார்குறிச்சியில் நடந்த கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இன்றைக்குத்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி டவுண் மேலரத வீதியில் குற்றாலலிங்கம் பிள்ளையின் வீடு. அவருடைய தம்பி சிவசண்முகத்துக்கு, பிள்ளையின் மனைவி கோமுவின் தங்கை பிரமுவையே பேசி முடித்திருந்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் அக்காள் தங்கை இருவர். கேட்டவர்கள் எல்லாம் வாயார வாழ்த்திய சம்பந்தம். போன ஞாயிற்றுக்கிழமை பரிசப் பட்டை மோட்டாரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சியில் போய் இறங்கினார்கள். ஊரே கூடி நிற்கப் பெட்டியைத் திறந்தால், பழத்தட்டு இருக்கிறது, வெற்றிலைக் கட்டு இருக்கிறது, பட்டு மூட்டையைக் காணோம். கோமுவின் தகப்பனார் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது, அன்றைக்குப் பட்டோடு வாருங்கள் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

பட்டு எங்கே போயிற்று? வீடு திரும்பியதும் குற்றாலலிங்கம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் நின்று பார்த்தால் மூடியின் வலது கை மூலை ஒரு விரல்கடை தூக்கி நின்றது. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அப்படியானால் யாரோ கம்பியை விட்டு நெம்பியிருக்கிறார்கள். வீரவநல்லூரில் எல்லாரும் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனபோது, இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வண்டியோடு தனியாக நின்றவன் ஓட்டுநர் பாவா. அவ்வளவுதான், பாவா களவாணி ஆகிவிட்டான்.

இதுவரை நடந்தது அது. இன்றைக்குப் புதன்கிழமை. மாலை நாலு மணிக்குப் போலீஸ் ஏட்டு வந்து பாவாவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

காலை எட்டு மணிக்கே வண்டிக் கொட்டிலில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. குற்றாலலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கையில் திருகாணி முறுக்கும் திருப்புளியோடு நின்றார். சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத் துரையிடம் வாங்கிய மோட்டார் அது. டவுணில் மொத்தம் நாலு மோட்டார் இருந்தால் அதிகம். ரிப்பேருக்கு ஆள் வேண்டுமானால் மதுரைக்குத் தந்தி அடிக்க வேண்டும், ஆள் வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் போய்விடும். ஆகவே கைலாசம் ஆசாரியைக் கூப்பிட்டுக்கொண்டு தானே இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை மறுபடியும் கோணல் மூடியோடு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க அவருக்கு மனமில்லை.

"அமுக்கும்வே, நல்லா அமுக்கும்."

"அமுக்கத்தான் செய்யுதேன் முதலாளி. இந்த மூலைய அமுக்கினா அந்த மூலை எந்திரிக்கி."

"அப்ப ரெண்டையும் சேத்து அமுக்கும்."

"எனக்கு ரெண்டு கைதானே முதலாளி."

திருகாணிகளைத் தளர்த்தி மூடியை இழுத்துப் பார்த்தார்கள். தள்ளிப் பார்த்தார்கள். ஆசாரி மரச் சுத்தியலை எடுத்து மூலையில் நாலு போடு போட்டார். ஒவ்வொரு போட்டுக்கும் குற்றாலலிங்கம் தன் முதுகில் விழுந்தது போல முகத்தைச் சுளித்தார். கறுப்பு வர்ணம் இரண்டு இடத்தில் பெயர்ந்ததுதான் மிச்சம், மூலை இருந்தபடியே இருந்தது.

கடைசியில் அவர் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி மொத்தப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். டக்கென்று பூட்டின் நாக்கு உள்ளே விழுந்தது. இழுத்துப் பார்த்தார், திறக்கவில்லை.

"பாத்தேரா? பூட்டுதுல்லா? பூட்டின பெட்டி தானா எப்படிவே தொறக்கும்? நெம்பினாத்தான் தொறக்கும்."

"நான் ஆயுத பூசைக்கு மறுநா கீல மாட்டிக் குடுக்கையில அச்சா உக்காந்திருந்திச்சு முதலாளி. இது நெம்பினதுதான்" என்றார் ஆசாரி. சொல்லும்போது பெட்டியைத்தான் பார்த்தார், கொட்டிலுக்கு வெளியே பார்க்கவில்லை.

வெளியே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி ஓரத்தில் பாவா உட்கார்ந்திருந்தான். இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் குதிரை வண்டி ஓட்டியவன். மோட்டார் வந்ததும் குற்றாலலிங்கமே அவனைத் தூத்துக்குடிக்கு அனுப்பி நாலு மாதம் ஓட்டப் பழக்கினார். மூன்று நாளாக அவனை யாரும் வா என்று சொல்லவில்லை, அவனும் வராமல் இருக்கவில்லை. விடிந்ததும் மேலப்பாளையத்திலிருந்து நடந்து வந்து அங்கேதான் உட்காருகிறான்.

"முதலாளி, பூசைக்கு மறுநாளே மூலை தூக்கித்தான் நின்னுச்சு. ஆசாரிகிட்ட அன்னைக்கே சொன்னேன்" என்றான் இருந்த இடத்திலிருந்தே.

"எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லல" என்றார் ஆசாரி.

"வாய மூடு லே பாவா. நாலு மணிக்கு ஏட்டு வருவாரு. சொல்லுதத அவருகிட்டச் சொல்லு."

நீர்மோர்ச் செம்போடு கொட்டில் வாசலுக்கு வந்த கோமு அப்படியே நின்றுவிட்டாள். செம்பை வாசலிலேயே கீழே வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவள் பின்வாசல் வழியாக உள்ளே போய்க் கிணற்றடியில் சும்மா நின்றாள்.

பாவா சொல்வது நிஜம். மூலை பூசைக்கு மறுநாளே தூக்கி நின்றதை அவளும் பார்த்தாள். ஏன் தூக்கி நின்றது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இந்த வீட்டில் ஆயுத பூசை என்றால் பித்தளை என்று பேர் படைத்த எதுவும் பளபளக்காமல் இருக்கக் கூடாது. அது ஞானம்பாளின் சட்டம். ஞானம்பாள் குற்றாலலிங்கத்தின் அக்காள். புருஷன் கல்யாணமான மூன்றாம் வருஷம் காசிக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் இன்றுவரை திரும்பாததால், தம்பி வீட்டிலேயே இருந்து தம்பியையும் தம்பி வீட்டையும் ஆண்டு வருகிறவள். சிவ தீட்சை பெற்றவள். மிதியடியோடு முற்றத்தில் கால் வைத்த ஒரு மணியக்காரருக்காக முற்றம் முழுவதும் சாணி தெளிக்க வைத்தவள்.

இந்த வருஷம் புதிதாக மோட்டார் வந்திருக்கிறதே, சும்மா விடுவாளா? விளக்கு வளையம், ஊதுகுழல், பின்பெட்டி மூடியின் இரண்டு கீல், எல்லாவற்றையும் ஆசாரியைக் கொண்டு கழற்றச் சொன்னாள். ஆசாரி கழற்றி ஒரு கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கோமு அந்தக் கூடையை அப்படியே பூசைச் சாமான்களோடு சேர்த்து, அண்டாவில் புளித்தண்ணீரில் ராத்திரி ஊறப் போட்டாள்.

விடியற்காலையில் வந்து பார்த்தால் தண்ணீரில் கறுப்பாக ஒன்று மிதந்தது. அட்டை என்று நினைத்து ஒரு குச்சியால் எடுத்தாள். அட்டை இல்லை. இரண்டு விரல் அகலத்தில், ஊறி உப்பிப்போன ஒரு தோல் துண்டு. இடது கீலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தக் கீலின் அடிப்பக்கத்தில் அதே அளவுக்குப் பசைத் தடம் இருந்தது.

மாட்டுத் தோல். அது கிடந்த தண்ணீரில்தான் குத்துவிளக்கு ஊறியது, தீபாராதனைத் தட்டு ஊறியது, மதினி ஞானம்பாள் தினமும் லிங்கத்துக்கு அபிஷேகம் செய்கிற செம்பும் ஊறியது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும், வீடு முழுவதும் கழுவ வேண்டும், ஆளாளுக்குத் தலை முழுக வேண்டும். பூசைக்கு இரண்டு நாழிகைதான் இருந்தது. அதைவிட, மதினியின் வாய்க்கு அடுத்த பூசை வரைக்கும் தீனி கிடைத்துவிடும். கோமு அந்தத் துண்டைக் குச்சியாலேயே தூக்கிக்கொண்டு போய் எருக்குழியில் தள்ளினாள். சாமான்களை நாலு தண்ணீருக்குப் பதில் பத்துத் தண்ணீரில் அலசினாள். பூசை நன்றாகவே நடந்தது.

மறுநாள் ஆசாரி வந்து கீலை மாட்டிவிட்டுப் போனார். மூலை தூக்கி நின்றது. ஆசாரி பார்த்துக்கொள்வார் என்று கோமு இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பட்டு மூட்டையைப் பெட்டிக்குள் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்ததும் அவள் கைதான். அப்போதும் மூலையைப் பார்த்தாள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தன்னைத் தவிர யாரையும் நோக அவளுக்கு வழியில்லை.

"ஏட்டி கோமு, அங்கன என்ன நின்னுக்கிட்டே ஒறங்குதியா?"

ஞானம்பாள் பூக்குடலையோடு வந்து நின்றாள்.

"இல்ல மதினி."

"நானும் மூணு நாளா யோசிச்சுப் பாக்கேன். பட்ட எடுத்தவன் எடுத்தான், அது இருக்கட்டும். பரிசப் பட்டு பாதியில போகுதுன்னா எங்கனயோ பூசையில கொற வந்திருக்குட்டி. எனக்கு மனசு சொல்லுது."

கோமு வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு கையால கொற வந்துச்சுன்னு தெரியட்டும். அவ வீட்டுச் சம்பந்தமே நமக்கு வேண்டாம். ஒன்னயச் சொல்லல. பொதுவாச் சொல்லுதேன்."

பொதுவாகத்தான் சொன்னாள். ஆனால் இந்த வீட்டில் சம்பந்தம் எதிர்பார்த்து நிற்பது ஒரே ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை கதவுக்குப் பின்னால் நின்று பிரமு, "என்ன நெறம்க்கா?" என்று கேட்டாள். "மாம்பழ மஞ்ச, அரக்குக் கர" என்று கோமு சொன்னாள். பெட்டியைத் திறப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அது.

மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. கோமு ஒரு முடிவுக்கு வந்தாள். வாயைத் திறக்காமலே மூடியைச் சரியாக்கிவிட்டால் என்ன? மூடி சரியாகிவிட்டால் இவருடைய கோபம் தணியும், கோபம் தணிந்தால் பாவாவையும் விட்டுவிடுவார். கெட்டிக்காரத்தனமான முடிவுதான். அதில் ஒரு ஓட்டை இருந்தது, அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

சிரட்டை நிறையக் கோலமாவை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

"இந்தாங்க, பெட்டி விளிம்பு பூரா இதத் தடவிட்டு ஒரு தடவ மூடிப் பாருங்களேன்."

"கோலம் போடுத எடமாட்டி இது?" என்று குற்றாலலிங்கம் எரிந்து விழுந்தார். காலையிலிருந்து இடுப்பு வலி வேறு.

ஆசாரிக்கு மட்டும் சட்டென்று விளங்கிற்று. "ஆச்சி சொல்லுதது சரி முதலாளி. எங்கன தட்டுதோ அங்கன மாவு மூடியில ஒட்டும். தட்டாத எடத்துல ஒட்டாது. கதவுக்கு நாங்க காவிய வச்சுப் பாப்போம்" என்றார்.

விளிம்பு முழுவதும் மாவைத் தடவி மூடினார்கள், பையத் திறந்தார்கள். கண்ணாடி போலத் தெரிந்தது. இடது கீல் பக்கம் மூடியில் மாவு அப்பிக் கிடந்தது. எதிர்க்கோடியில், அந்த வலது கை மூலையில், ஒரு பொட்டு மாவு ஒட்டவில்லை.

"அடடா! மூலைய அடிச்சுத் தப்புப் பண்ணிட்டோம். இடது கீல்லா தாழ்ந்து கெடக்கு. அதுக்கு அடியில எதையாவது குடுத்துத் தூக்கணும்."

ஆசாரி ஒரு மரச் சிராயைச் செதுக்கிக் கொடுத்தார். திருகாணியை முறுக்கியதும் அது பிளந்துவிட்டது. பனையோலையை நாலாக மடித்து வைத்தார்கள், நசுங்கிப் போயிற்று. கோமு கொட்டிலின் மூலைக்குப் போய், ஆணியில் தொங்கிய பழைய குதிரைக் கடிவாள வாரை எடுத்துவந்து நீட்டினாள். தோலை அவள் கையால் தொட்டதைப் பார்த்துக் குற்றாலலிங்கத்தின் புருவம் ஏறிற்று. ஆசாரி வாங்கி இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, இரண்டு துளை போட்டு, கீலுக்கு அடியில் வைத்து முறுக்கினார்.

மூடியை விட்டார்கள். அது தன் பாரத்திலேயே இறங்கி, நாலு மூலையும் ஒன்றுபோல உட்கார்ந்து, யாரும் அமுக்காமலே டக்கென்றது.

குற்றாலலிங்கத்துக்குப் பிடிபடவில்லை சந்தோஷம். திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். "எம் பொஞ்சாதிக்கு ரயில்வேயில இஞ்சினீர் வேல குடுக்கலாம்வே!" என்று சிரித்தார். மூன்று நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். கோமுவும் சிரித்தாள்.

"நெம்பினத நிமித்தியாச்சு. இனி ஏட்டு வரட்டும். ஆசாரி, மூலை தூக்கி நின்னத நீரு பாத்தேருல்லா? நீருதான் சாட்சி சொல்லணும்" என்றார் குற்றாலலிங்கம்.

கோமுவின் சிரிப்பு நின்றது. ஓட்டை இதுதான். மூடி சரியாயிற்று, பாவா சரியாகவில்லை. அவன் பக்கம் பேசக்கூடிய ஒரே சாமான் அந்தக் கோணல் மூடி. அதையும் அவள் கையாலேயே சரிசெய்து கொடுத்துவிட்டாள்.

ஏட்டு நாலு மணி என்றால் நாலு மணிக்கு வந்தார். காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, குற்றாலலிங்கம் சொன்னதை எழுதினார், ஆசாரி சொன்னதை எழுதினார். பாவா சொன்னதையும் கேட்டார், எழுதவில்லை.

"கெளம்பும், போவோம்" என்றார் பாவாவைப் பார்த்து.

பாவா எழுந்தான். இந்த வீட்டில் தைத்துக் கொடுத்த காக்கிக் கோட்டைக் கழற்றினான். அதன் பையிலிருந்த துடைக்கிற துணி, ஒரு பழைய திருகாணி, எல்லாவற்றையும் எடுத்துக் கல்தொட்டி மேல் வைத்துக் கோட்டை நாலாக மடித்தான்.

"போற வழியில எம் வீட்டுல ஒரு வார்த்த சொல்லிக்கிடட்டுமா ஏட்டய்யா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்."

அந்த வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரும் வழக்கமில்லை. கோமு வந்தாள். வந்தவள் ஏட்டையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை.

"ஆசாரியாரே, அந்த வார வெளிய எடுங்க."

"ஆச்சி, இப்பத்தானே மாட்டி..."

"எடுங்க."

ஆசாரி குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். குற்றாலலிங்கத்துக்கு ஒன்றும் ஓடவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கீலைத் தளர்த்தி வாரை உருவினார் ஆசாரி. வலது கை மூலை எழுந்து ஒரு விரல்கடை தூக்கி நின்றது. காலையில் எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே. இப்போது யாரும் நெம்பவில்லை.

ஏட்டு காகிதத்தைத் தாழ்த்தினார்.

"மூலைய அமுக்கிப் பூட்டுங்க" என்றாள் கோமு. பூட்டினார்கள். "இப்ப ரெண்டு பேரு பின்பக்கத்தப் புடிச்சு வண்டிய ஆட்டுங்க. வீரவநல்லூர் ரோட்டுல எப்படிப் போச்சோ அப்படி."

ஆசாரியும் குற்றாலலிங்கமும் பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டார்கள். வண்டி வில்லில் எகிறிக் குதித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது குலுக்கலில் மூடி படாரென்று எகிறித் திறந்து, மறுபடி தன் பாரத்திலேயே விழுந்து மூடிக்கொண்டது. நாக்கின் நுனி மட்டும்தான் பூட்டில் மாட்டியிருந்திருக்கிறது.

மறுபடியும் வாரை வைத்து முறுக்கி ஆட்டினார்கள். ஆசாரிக்கு மூச்சு வாங்கும்வரை ஆட்டினார்கள். மூடி அசையவில்லை.

"பிள்ளைவாள், இதுல கேசு எங்கன இருக்கு?" என்றார் ஏட்டு. "மேல இருந்த பட்டு எகிறி ரோட்டுலல்லா விழுந்திருக்கு. சேரன்மாதேவிலேர்ந்து அம்பை வரைக்கும் விசாரிச்சுப் பாக்கச் சொல்லுதேன். யாரு கையிலயாவது இருக்கும்."

குற்றாலலிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் பெட்டி மேல் இல்லை.

"கீலுக்கு அடியில தோல்தான் வேணும்னு ஒனக்கு எப்படித் தெரியும் கோமு?"

கோமு சொன்னாள். புளித்தண்ணீரில் ஆரம்பித்து எருக்குழி வரை, ஒன்றும் விடாமல் சொன்னாள். பட்டை வைத்தபோது மூலையைப் பார்த்ததையும் சொன்னாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

முடித்துவிட்டுத் திரும்பினால் பின்வாசல் நிலையில் ஞானம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த வெளக்கத்தான் நான் ஏத்தினேனா?"

"ஆமா மதினி."

"அந்தச் செம்பத்தான் நான் சாமிக்கு..."

"ஆமா மதினி."

ஞானம்பாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கோமுவுக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் நேராகக் கிணற்றடிக்குப் போனாள். வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் விழும் சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்டது.

குற்றாலலிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாவாவிடம் போனார். "சரி பாவா, நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்கிடாத. கோட்டப் போட்டுக்கோ. வெள்ளிக்கெழம வெள்ளென கெளம்பணும்" என்றார். அவரைப் பொறுத்தமட்டில் அது பெரிய வார்த்தை.

பாவா கோட்டைத் தொடவில்லை. "திங்கக்கெழம ஏட்டய்யா எங்க தெருவுக்கு வந்து, அத்தன பேரு முன்னால எம் வீட்டச் சோதன போட்டாரு முதலாளி. எம் பொஞ்சாதி மும்தாஜ் பேகம் அன்னையிலேர்ந்து வாசலுக்கு வரல. எம் மவளுக்குப் பேசிக்கிட்டிருந்த எடத்துலேர்ந்து நேத்து வாரேம்னாங்க, வரல."

"அதான் நீ எடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சே."

"இந்தக் கொட்டிலுக்குள்ள தெரிஞ்சிருக்கு. மேலப்பாளையத்துல யாருக்குத் தெரியும்? எங்க தெருவுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. வண்டி ஓட்டுதேன்."

"நானா? அங்கனயா? ஏட்டு போய்ச் சொல்லுவாரு."

"சோதன போடுததுதான் எம் வேல பிள்ளைவாள், சமாதானம் சொல்லுதது இல்ல" என்று ஏட்டு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

குற்றாலலிங்கம் தரையைப் பார்த்தார். டவுணில் நாலு பேர் எழுந்து கும்பிடுகிற மனுஷன். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

கோமு மோட்டாரின் கதவைத் திறந்து ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"நான் வந்து சொல்லுதேன். எம் வாய மூடிக்கிட்டதுனாலதானே வந்தது. நானே சொல்லுதேன்."

"கோமு!"

ஞானம்பாளின் குரல். ஈரப் புடவையோடு, தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, பின்வாசலில் நின்றாள்.

"பூசையக் கெடுத்த. அதக்கூட நான் சாமிகிட்ட அழுது தீத்துக்கிடுவேன். இப்ப நீ ஊர் பாக்க அந்தத் தெருவுல போய் நின்னு இந்த வீட்டு மானத்தச் சொல்லிட்டு வந்தேன்னா, வெள்ளிக்கெழம இங்கேருந்து யாரும் ஆழ்வார்குறிச்சிக்குக் கெளம்ப மாட்டாங்க. ஒன் தங்கச்சிக்கு வேற எடம் பாக்கச் சொல்லி ஒங்கப்பாவுக்கு எழுதிப் போடு."

கோமுவுக்குப் பயமாக இருந்தது. இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் கால் தரையைத் தேடிற்று. என்ன நெறம்க்கா என்று கேட்ட முகம் கண் முன்னால் வந்து நின்றது. அவளால் மதினியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை, பாவாவைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பேர் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"வண்டிய எடுங்க அண்ணாச்சி" என்றாள்.

பாவா மடித்த கோட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டான். இருக்கைக்கு அடியிலிருந்து இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போனான். அங்கே குற்றாலலிங்கம் வழி மறித்து நின்றார். கையை நீட்டினார்.

பாவா கொடுக்கவில்லை.

"குடு லே. நீ ஏறி உக்காரு."

மோட்டார் வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த ஹேண்டிலைத் தொட்டதில்லை. முதல் சுற்றுக்கு அது உதறிக்கொண்டு முழங்கையில் அடித்தது. இரண்டாவது சுற்றுக்கு இஞ்சின் இருமி அடங்கிற்று. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காள் இருந்த பக்கம் திரும்பாமலே, பாவாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி கொட்டிலை விட்டு இறங்கி மேலரத வீதியில் திரும்பியபோது ஒரு பெரிய குலுக்கல். கோமு பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் மூடி அசையவில்லை. வீட்டின் தலைவாசல் கதவு அடைபட்டது தெரிந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.